ஒற்றைக் கையால் ஓட்டிய லோரி

அக்கா,

இன்று காலை கோலா சிலாங்கூரில், என்னோடு சேர்ந்து கேம் செய்யும் நஸீமாவின் வாப்பா நடத்தும் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய்க்குக் காத்திருந்தேன். பக்கத்து மேசையில் ஒருவர் பாலில்லாத ஐஸ் தேநீரான தே ஓ ஐஸைக் குடித்துவிட்டு, கிளாசின் அடியில் கிடந்த ஐஸ் கட்டியை வாயில் போட்டு நறுக்கென்று கடித்தார். நான் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். நீங்களாக இருக்க முடியாது என்று தெரியும். ஆனாலும் திரும்பாமல் இருக்க முடியவில்லை. ஒன்றரை ஆண்டாக என் காதில் ஹெட்போன் வழியே விழுந்துகொண்டிருந்த சத்தம் அது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளந்து விட்டிருந்ததால், தாகம் எடுத்தால் நீங்கள் ஐஸ் கட்டி கடிப்பீர்கள். கடித்துக்கொண்டே லோரி ஓட்டுவீர்கள்.

உங்களை முதலில் பார்த்தது டயாலிசிஸ் மையத்தில். அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் மூன்று நாள் அவரை புக்கிட் பெலிம்பிங் வீட்டிலிருந்து அங்கே கூட்டிவருவேன். நான்கு மணி நேரம் இயந்திரம் ஓடும். தாதிமார் இரங்கி எனக்கு ஒரு மூலையில் நாற்காலி கொடுத்திருந்தார்கள். நான் மடிக்கணினியைத் திறந்து வேலை பார்ப்பேன். அப்பா கண்ணை மூடிக்கொள்வார். முப்பது ஆண்டு தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிப்போகும் லோரி ஓட்டிய மனிதர்; படித்த மகன் வேலைக்குப் போகாமல் கேம் செய்கிறான் என்பதை யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டார். எங்களுக்குள் பேச்சே குறைவு.

பக்கத்துப் படுக்கையில் இருந்த நீங்கள்தான் எட்டிப் பார்த்துக் கேட்டீர்கள்.

“என்னா தம்பி அது? லோரியா?”

நால்வர் நான்கு ஊரில் இருந்துகொண்டு, ஹெட்போனில் பேசிக்கொண்டே, இணையம் வழியாக ஒரே லோரியை ஓட்டும் விளையாட்டு என்று சொன்னேன். ஒருவர் ஓட்ட வேண்டும், ஒருவர் குலை ஏற்ற வேண்டும், ஒருவர் வழி சொல்ல வேண்டும், ஒருவர் பின்னால் நின்று சரக்கு சரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மழை வருவதற்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும்.

“ஓட்டுறது நானு,” என்றீர்கள். யோசிக்கவே இல்லை. பதினாறு ஆண்டு ஸ்கூல் வேன் ஓட்டியவர் என்று அப்புறம்தான் தெரிந்தது. “ஸ்டீரிங் புடிச்சி ரெண்டு வருசமாச்சு தம்பி. கண்ணு மங்குதுன்னு லைசென்ஸ குடுத்துட்டேன்.”

உங்கள் கைத்தொலைபேசியில் விளையாட்டை ஏற்றிக் கொடுத்தேன். முதல் வளைவிலேயே லோரி சாலையோரச் சாக்கடையான லோங்காங்கில் விழுந்தது. இரண்டாவது முறையும் விழுந்தது. அப்போதுதான் கவனித்தேன். உங்கள் இடது கையில் இரண்டு ஊசி. அந்தக் கையை அசைக்கக் கூடாது. தொலைபேசியைத் தலையணைமேல் சாய்த்து வைத்து, வலது கட்டைவிரல் ஒன்றால் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். நாங்களோ இரண்டு கைக்கு என்று செய்திருந்தோம். பதினோரு மாதமாக அது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. திடீரென்று உங்களுக்கு ரத்த அழுத்தம் இறங்கும். இயந்திரம் கத்தும், தாதி ஓடிவருவார், தொலைபேசி மடியில் விழும், தொடர்பு அறுந்துபோகும். ஆட்டத்தைத் தொடங்கியவர் நீங்கள் என்பதால் சோதனைக்காகக் கூட ஆடும் மற்ற மூவரும் சேர்ந்து வெளியே தள்ளப்படுவார்கள். அரை மணி நேர உழைப்பு போய்விடும். ஒருநாள் கண்விழித்ததும் நீங்கள் முதலில் கேட்டது உங்கள் உடம்பைப் பற்றி அல்ல.

“லோரி என்னா ஆச்சு?”

“போயிருச்சுக்கா. எல்லாருமே வெளிய வந்துட்டோம்.”

“நான் மயங்குனா அவங்க ஏன்டா எறங்கணும்? வேற யாராச்சும் ஓட்டட்டும். நான் திரும்பி வந்தா ஏறிக்கிறேன்லா.”

உங்களுக்கு எளிதாகத் தோன்றியது எங்களுக்கு அவ்வளவு எளிதாக இல்லை. விளையாட்டின் படம், அசைவு, சத்தம், இணைப்பு எல்லாம் எஞ்சின் என்ற ஒரு மென்பொருளின் மேல்தான் நிற்கும். நாங்கள் எடுத்திருந்தது பெரிய எஞ்சின். செம்பனை ஓலைமேல் வெயில் படுவதை அசலாகக் காட்டும். ஆனால் உங்களுடையதைப் போன்ற பழைய தொலைபேசி அதில் கொதித்துப்போகும். ஆட்டத்தை விளையாடுபவரின் தொலைபேசியில் அல்லாமல் எங்கள் சொந்த சர்வரில் ஓட்டினால்தான் நீங்கள் கேட்டது நடக்கும். அந்த எஞ்சினோடு அதைச் செய்ய எங்கள் வசதிக்கு மீறிய செலவு. இலவசமாகக் கிடைக்கும் சின்ன எஞ்சின் ஒன்று இருந்தது. இலகுவானது, சின்ன சர்வரே போதும். அதற்கு மாறினால் நஸீமா வரைந்த காட்சிகளில் பெரும்பாலானவை வீண். அதோடு, கோலாலம்பூரில் ஒரு வெளியீட்டு நிறுவனம் எங்களுக்கு முதலீடு தர ஒப்பந்தமே தயார் செய்திருந்தது. அவர்கள் ஆட்கள் பெரிய எஞ்சினில் மட்டும்தான் வேலை செய்பவர்கள். எஞ்சின் மாறினால் ஒப்பந்தம் இல்லை.

உங்களிடம் இதைச் சொன்னபோது சிரித்தீர்கள். “எஞ்சின் மாத்துறது அவ்ளோ பெரிய விசயமா? என் வேனுக்கு ரெண்டு தடவ மாத்தியிருக்கேன் தம்பி.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீ எனக்காகச் செய்யாத. நான் எத்தன நாளைக்கு? ஒனக்கு எது சரியோ அதச் செய்,” என்றீர்கள்.

நஸீமாவிடம் பேசியபோது அவள் கொதித்துவிட்டாள். “பதினோரு மாச வேலைய குப்பையில போடச் சொல்றியா? ஒரே ஒரு ஆளுக்காக?” கடை மாடியில் இருந்த எங்கள் அறைக் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனாள். அவள் கோபம் நியாயமானது.

அடுத்த சனிக்கிழமை அவளாகவே மையத்துக்கு வந்தாள். உங்கள் அருகே நின்று நீங்கள் ஓட்டுவதைப் பார்த்தாள். நீங்கள் ஒரு விரலால் ஸ்டீரிங்கைத் திருப்பி, அதே விரலால் ஓடிப்போய் பிரேக்கைத் தொட்டு, முடியாமல் லோங்காங்கில் இறங்கி, “அலாமாக்!” என்று தலையில் அடித்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினீர்கள். நான்கு மணி நேரமும் அவள் உட்காரவில்லை. வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே, “அந்தச் சின்ன எஞ்சின் பேரு என்னா?” என்று கேட்டாள்.

நாங்கள் கையெழுத்துப் போடவில்லை. நிறுவனத்துக்காரர் நல்லவர்தான். “டயாலிசிஸ் பேஷண்டுக்கா கேம் பண்றீங்க? இதுக்கு மார்க்கெட் எங்க இருக்கு?” என்று உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். எங்களுக்கும் தெரியவில்லை. சில மாதங்கள் நான் சுங்கை பெசாரில் ஒரு அரிசி ஆலைக்கு இணையத்தளம் செய்து கொடுத்தேன். நஸீமா கடைகளுக்கு மெனு அட்டை வரைந்தாள். மீதி நேரத்தில் எல்லாவற்றையும் புதிதாகக் கட்டினோம். ஒரு விரல் போதும் என்ற அளவுக்கு. ஒருவர் விழுந்தால் லோரி நிற்காத அளவுக்கு.

கையிருப்பு தீர்ந்தபோது, முன்கூட்டியே வாங்குகிறவர்களிடம் ஆதரவு கேட்டு இணையத்தில் ஒரு காணொளி போடலாம் என்றாள் நஸீமா. உங்களிடம் அனுமதி கேட்டோம். “மூஞ்சி வேணாம்லா. கைய மட்டும் எடு. வளையல் போட்டுட்டு வரேன்,” என்றீர்கள். சிவப்புக் கண்ணாடி வளையல் போட்டு வந்தீர்கள். ஒரு கை அசையாமல் கிடக்க, இன்னொரு கையின் கட்டைவிரல் லோரியை மண்சாலை வளைவில் அழகாகத் திருப்பும் காட்சி. அவ்வளவுதான் அந்தக் காணொளி.

யாரெல்லாம் எழுதினார்கள், நினைவிருக்கிறதா அக்கா? கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தூங்கவைத்துக்கொண்டே விளையாட முடியுமா என்று ஒரு தாய் கேட்டார். ஆலை விபத்தில் கையை இழந்த ஒருவர் எழுதினார். பக்கவாதம் வந்த அண்ணனுக்கு வாங்கித் தருகிறேன் என்று ஒருத்தி எழுதினாள். நிறுவனத்துக்காரர் தேடிய மார்க்கெட் அங்கேதான் இருந்தது. நாங்கள் கேட்ட தொகை முழுவதும் சேர்ந்தது. நான் ஒவ்வொரு கடிதமாக உங்களுக்குப் படித்துக் காட்டினேன். நீங்கள் அன்று லோரி ஓட்டவே இல்லை.

விளையாட்டு வெளியானபின் ஏழு மாதம் ஓட்டினீர்கள். சுங்கை பெசாரில் ஒரு பெண் வழி சொல்வாள். கோலா குபு பாருவில் தோட்டத்துக் கணக்கெழுதும் ஒரு கிராணி பின்னால் நிற்பார். குலை ஏற்றுபவர் அடிக்கடி மாறிக்கொண்டிருந்தார். ஒருநாள் பக்கத்துப் படுக்கையிலிருந்து ஒரு குரல்.

“அந்த எறக்கத்துல கியர் கொறைக்கணும் தங்கச்சி. சரக்கு முன்னால தள்ளும்.”

அப்பா! அவர் கண் திறந்திருந்தது. எத்தனை வாரமாகத் திறந்திருந்ததோ.

“அவ்ளோ தெரிஞ்சா வந்து குலைய ஏத்துங்கண்ணே. சும்மா படுத்துக்கிட்டுப் பேசக் கூடாது,” என்றீர்கள். என்னிடம் திரும்பி, “ஒங்கப்பாவுக்கும் போட்டுக் குடு,” என்றீர்கள். அப்பாவின் விரலைப் பிடித்து எங்கே தொட வேண்டும் என்று காட்டினேன். நான் அவர் கையைப் பிடித்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தன.

பிறகு ஒரு காலையில், வீட்டிலேயே, உங்கள் இதயம் நின்றுபோனது.

உங்கள் வீட்டு வாசலில், யாரையும் தெரியாமல் ஒரு பெண்ணும் நடுவயதுக்காரர் ஒருவரும் தனித்தனியே நின்றுகொண்டிருந்தார்கள். அவர் யாரிடமோ வழி விசாரித்தார். அந்தக் குரலைக் கேட்டுப் பெண் திரும்பினாள். இருவரும் அழத் தொடங்கினார்கள். அப்பா அவர்களிடம் போய், “குலை ஏத்துறவன் நாந்தான்,” என்று சொன்னார். மூவரும் ஒன்றாக உள்ளே வந்துதான் உங்கள் முகத்தைப் பார்த்தார்கள்.

திரும்பும் வழியில் அப்பா வயல்பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு, “நான் ஓட்டுன ரோட்ட எப்படிடா அப்படியே கொண்டாந்த?” என்று கேட்டார்.

“சின்னப் புள்ளயில ஒங்க பக்கத்துல ஒக்காந்து வந்திருக்கேன்லப்பா.”

“பாலம் ஒன்னு விட்டுப்போச்சு,” என்றார். “ஆலைக்கு முன்னால. பலகைப் பாலம்.” எப்படி இருந்தது, மழையில் எப்படி வழுக்கும் என்று வீடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். நான் வண்டியை மெதுவாகவே ஓட்டினேன்.

நன்றி அக்கா. அந்தப் பாலத்தை விளையாட்டுக்குள் இந்த வாரம்தான் கட்டி முடித்தோம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, பலகை பலகையாகத் திருத்தினார்.