மீட்டரில் ஏறாத கிலோமீட்டர்கள்

ஜூலை 8, செவ்வாய்

காலையில் இவர் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே, "கலா, பென்ஸ வித்துறலாம்னு பாக்கறேன்" என்றார். கல்லில் இருந்த தோசையை அப்படியே மறந்துவிட்டேன். கருகல் வாசம் வந்த பிறகுதான் நினைவு திரும்பியது.

இருபத்தேழு வருடமாக எங்கள் வீட்டுப் போர்ச்சில் நிற்கும் வண்டி. இவர் பெரிய கிளார்க்காக இருக்கும் பிரிக்பீல்ட்ஸ் வக்கீல் ஆபீசின் பழைய முதலாளி, 98-இல் பணம் கையைக் கடித்தபோது அடிமாட்டு விலைக்கு இவரிடம் தள்ளிவிட்டது. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும்தான் வெளியே எடுப்பார். வேலைக்குக் கிள்ளானிலிருந்து கமூட்டர் ரயில். வண்டிமேல் வெயில் படக்கூடாது, மழை படக்கூடாது, நான் தொடக்கூடாது. லைசென்ஸ் எடுத்த புதிதில் ஒரே ஒரு முறை கேட்டில் உரசிவிட்டேன். அதோடு சாவி சாமி அலமாரிக்குப் போய்விட்டது.

இந்த மாடலைக் கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டதாம். பழைய கார்ப் பைத்தியங்கள் இப்போது தேடி அலைகிறார்களாம். "ஜொகூர்ல ஒருத்தன் இதே வண்டி, இருபத்தோராயிரம் கிலோமீட்டர் ஓடுனது, ஒரு லட்சத்து எழுபதாயிரம் வெள்ளிக்கு வித்துருக்கான். நம்மது எவ்வளோ தெரியுமா? பதினெட்டாயிரத்து அறுநூத்து நாப்பது!" இதைச் சொல்லும்போது இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பெற்ற பிள்ளை பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்த மாதிரி.

நான் கருகிய கல்லைச் சுரண்டத் தொடங்கினேன்.

ஜூலை 9, புதன்

இந்த நோட்டை இவர் திறந்து பார்த்தால்? பார்க்க மாட்டார். அட்டையில் 'மளிகை' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

சரி, எழுதியே விடுகிறேன். பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது பொய்.

பக்கத்து வீட்டுக் காத்தூன் பீவிக்கு லிட்டில் இந்தியாவில் துணிக்கடை. 2003-இல் ஒரு நாள் அவள் வேன் படுத்துக்கொண்டது. தெலுக் பங்லிமா காராங்கில் பேக்டரிப் பெண்களுக்குச் சம்பள நாள். நைட்டி மூட்டையோடு வாசலில் நின்று அழாத குறையாக, "கலா, ஒரே ஒரு தடவலா" என்றாள். எனக்குக் கை பரபரத்தது. ஆனால் இவர் ஒவ்வொரு வெள்ளியும் கோயிலுக்குக் கிளம்பும் முன் மீட்டரைப் பார்ப்பார், எண்ணை மனப்பாடமாக வைத்திருப்பார். வண்டிக்கு வழக்கமாகச் சர்வீஸ் செய்யும் கன்னையாவிடம் ஓடினேன். "கவலைய உடுங்கக்கா. ஸ்டியரிங்குக்கு கீழ ஒரு சின்ன சுவிட்ச் வெச்சுடறேன். தட்டுனா மீட்டர் தூங்கிரும்" என்றான்.

அந்த ஒரே ஒரு தடவை இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு வியாழனும் நடக்கிறது. ஒரு வாரம் தெலுக் பங்லிமா காராங், மறுவாரம் சுங்கை வே. ஊரே அண்ணாந்து பார்க்கும் பென்ஸின் டிக்கி நிறைய நைட்டியும் உள்பாவாடையும். லாபத்தில் எனக்கு மூன்றில் ஒரு பங்கு. யாரையும் கேட்காமல் செலவு செய்ய என்னிடம் இருக்கும் காசு அது மட்டும்தான்.

சுவிட்சைத் தட்டினால் வேகம் காட்டும் முள்ளும் சேர்ந்து படுத்துவிடும். அதனால் எவ்வளவு வேகத்தில் போகிறேன் என்று எனக்கே தெரியாது. பின்னால் லோரி ஹாரன் அடித்தால் மெதுவாகப் போகிறேன் என்று புரிந்துகொள்வேன். திரும்பி வந்ததும் பெட்ரோல் முள் பழைய இடத்தில் இருக்க வேண்டும், சீட்டைப் பின்னால் தள்ள வேண்டும், துணி உறையின் எட்டு முடிச்சையும் இவர் போடுகிற மாதிரியே போட வேண்டும். இவருடைய ரயில் ஆறேகாலுக்கு. அதற்குள் நான் வராமல் ஒரு நாளும் பிந்தியதில்லை.

இன்று போகும் வழியில் காத்தூன் பீவி போனில் கணக்குப் போட்டாள். வாரம் எண்பது கிலோமீட்டர், வருடத்துக்கு நாற்பத்தைந்து வாரம், இருபத்திரண்டு வருடம். எழுபத்தொன்பதாயிரத்து இருநூறு. "யா அல்லாஹ்" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

ஜூலை 13, ஞாயிறு

மெல்பர்னில் இருக்கும் மகள் அமுதவள்ளி இன்று விளம்பரம் போட்டுக் கொடுத்தாள். காலை முழுக்க இவர் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். காபி கொண்டுபோனேன். நிமிர்ந்து பார்த்து, "எல்லாரும் சிரிச்சானுங்கல்ல, காரு வாங்கி பூட்டி வெச்சிருக்கான் பழனியப்பன்னு. இப்ப வந்து பாக்கச் சொல்லு" என்றார்.

பணத்துக்காக இல்லை. அது எனக்குத் தெரியும். இருபத்தேழு வருடம் மழையிலும் ரயிலுக்கு ஓடிய மனிதருக்கு, தான் செய்தது சரி என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். அதைச் சொல்லப் போவது அந்த எண்தான். அந்த எண்ணுக்கு வேட்டு வைத்தவள் காபி டம்ளரோடு பக்கத்திலேயே நிற்கிறேன்.

ஜூலை 14, திங்கள்

கன்னையாவிடம் போனேன். "சுவிட்ச கழட்டிரவா அக்கா? பத்து நிமிசம். ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாது."

"வாங்கறவன ஏமாத்தறதா ஆவாதா?"

"நம்ம என்ன மீட்டர பின்னாடியா சுத்துனோம்? தூங்கத்தானே வெச்சோம்" என்றான். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது அவ்வளவு நியாயமாக இல்லை. கழற்றச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஜூலை 16, புதன்

அடை கருகியது. இந்த வாரத்தில் கருகிய மூன்றாவது சமையல் இது.

ஜூலை 19, சனி

முகுந்தன் என்று ஒரு பல் டாக்டர் வந்தார். பிரிக்பீல்ட்ஸ். முப்பத்தைந்து வயது இருக்கும். பழைய பென்ஸ்காரர்கள் சங்கத்தில் இருக்கிறாராம். வாயைப் பார்க்கிற டார்ச்சையே கொண்டுவந்திருந்தார். கதவின் ரப்பரை விரலால் அமுக்கினார், கார்ப்பெட்டைத் தூக்கினார், உள்ளே உட்கார்ந்து கண்ணை மூடி மூச்சை இழுத்து வாசம் பார்த்தார். பெண் பார்க்க வந்தவர்கள்கூட என்னை இவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை.

இவர் கூடவே நடந்து பெருமை பேசினார். "டயர்கூட ஒரிஜினல் தம்பி, நான் மாத்துனதே இல்ல." முகுந்தன் குனிந்து டயரின் ஓரத்தைப் பார்த்தார். அதில் செய்த வாரமும் வருடமும் நான்கு இலக்கத்தில் இருக்குமாம், எனக்கு இன்றுதான் தெரியும். 2016-இல் கன்னையா அதே கம்பெனி டயராகத் தேடிப் போட்டான். முகுந்தன் அந்த எண்ணை விரலால் ஒரு முறை தடவிவிட்டு நிமிர்ந்தார். அடுத்து டார்ச்சோடு ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டார். வெளியே வந்தபோது என்னைத்தான் பார்த்தார்.

இவர் வண்டியின் கிராண்ட் பத்திரத்தை எடுக்க உள்ளே போன சமயம், மெதுவாகக் கேட்டார். "ஆன்டி, அந்த சுவிட்ச்சு நீங்கதானா?"

"எப்படித் தெரியும்?"

"பிரேக் பெடல்ல ஒரு ஓரமா மட்டும் தேஞ்சிருக்கு, சின்னக் காலு. அதோட, இத்தன வருசம் சும்மா நின்ன வண்டின்னா ரப்பரெல்லாம் வெடிச்சிருக்கும், சீலெல்லாம் காஞ்சிருக்கும். இது வாரா வாரம் ஓடுன வண்டி. யாரோ நல்லா ஓட்டியிருக்காங்க."

இருபத்திரண்டு வருடத்தில் என் ஓட்டுதலை ஒருவர் பாராட்டியது இதுதான் முதல் தடவை. மாட்டிக்கொண்ட நேரத்திலும் பூரித்துப் போனேன், வெட்கம் கெட்டவள்.

எவ்வளவு ஓடியிருக்கும் என்று கேட்டார். சொன்னேன். தலையைச் சொறிந்தார். "மத்தவங்க காரு ஓடுமான்னு பாப்பாங்க ஆன்டி. எங்க ஆளுங்க ஓடலியான்னு பாப்பாங்க. அங்கிள் சொல்ற வெலையில பாதிக்கு மேல காருக்கு இல்ல, அந்த நம்பருக்கு. நெசம் தெரிஞ்சா அறுபதாயிரம் வரும். எனக்கு அது போதும், நான் ஓட்டறதுக்குத்தான் தேடறேன். ஆனா நான் அங்கிள்கிட்ட சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

இவர் வந்ததும், யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, குடித்த டீக்கு நன்றி சொல்லிப் போய்விட்டார். "பாத்தியா, மயங்கிட்டான்" என்றார் இவர்.

ஜூலை 20, ஞாயிறு

சொல்லிட்டேன்.

மத்தியானம் பினாங்கிலிருந்து ஒரு ஆள் போன் பண்ணினார். வண்டியைப் பார்க்கவே வேண்டாமாம், படமும் மீட்டரும் போதுமாம், ஒரு லட்சத்து அறுபது, நாளைக்கே முன்பணம். இவர் எனக்குக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அந்த விரலைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "வாங்காதீங்க. போன வைங்க" என்றேன்.

எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். இவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. எழுந்து போய் வண்டியில் உட்கார்ந்தார். டிக், டிக், டிக் என்று சுவிட்சைத் தட்டும் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது. பிறகு ஜன்னல் வழியாக ஒரு கேள்வி.

"அந்த கேட்டுல ரிவர்ஸ் யாரு எடுத்தா?"

"நான்தான்."

"யாரு பின்னால நின்னு பாத்து சொன்னா?"

"யாருமில்லங்க. ஒரே எடுப்புதான்."

இவர் எடுத்தால் எதிர்வீட்டு வேலாயுதம் நின்று கையைக் காட்ட வேண்டும், மூன்று தடவை முன்னும் பின்னும் போக வேண்டும். இந்தப் பதிலில்தான் மனிதர் சுருங்கிப் போனார்.

அப்புறம், "இருவத்திரண்டு வருசம் என்ன முட்டாளாக்கிட்டல்ல" என்றார். எனக்கும் கோபம் வந்துவிட்டது. கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா? ஒரு கீறல், ஒரே ஒரு கீறலுக்காவ சாவியக் கொண்டுபோயி சாமிகிட்ட வெச்சீங்களே, அப்ப நான் யாரு இந்த வூட்டுல? — எல்லாம் கேட்டேன். அழுகையும் வந்தது. ஆனாலும் தப்பு என் மேல்தான். அது எனக்குத் தெரியாதா?

ஜூலை 22, செவ்வாய்

பேச்சில்லை. சாப்பாட்டுக்கு உப்புப் போதாது என்பதைக்கூட உப்பு ஜாடியைப் பார்த்துத்தான் சொல்கிறார்.

ஜூலை 24, வியாழன்

போகவில்லை. காத்தூன் பீவி வாடகை வேனில் மூட்டையை ஏற்றிக்கொண்டு போனாள். "எங்க போனாலும் உன்னதான் கேக்கறாளுங்க. பென்ஸ் அக்கா எங்கன்னு" என்று திரும்பி வந்ததும் வாசலிலேயே சத்தமாகச் சொன்னாள். இவர் இன்று லீவு, உள்ளேதான் இருந்தார்.

சாயங்காலம் டிவியை அணைத்துவிட்டு, "எங்கெங்கல்லாம் போன?" என்றார். நான்கு நாளில் என்னைப் பார்த்துப் பேசிய முதல் வார்த்தை.

சொன்னேன். தெலுக் பங்லிமா காராங்கில் ஹாஸ்டல் வாசலில் பெண்கள் ஓடி வந்து டிக்கியைச் சூழ்ந்துகொள்வது. சுங்கை வேயில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி வந்து நைட்டி மூட்டைக்கு நடுவில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. விற்றுத் தீர்ந்த நாட்களில் அப்படியே மோரிப் கடற்கரைக்குப் போய் டிக்கியில் உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டது.

"கடல பாத்திருக்கா வண்டி?"

"எத்தனையோ தடவ."

"நான் அதுல கோயிலு, கல்யாண வீட்டத் தாண்டிப் போனதில்ல, கலா" என்றார். குரலில் கோபம் இல்லை. பொறாமை. சத்தியமாகப் பொறாமை. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, ஆனால் உப்பு ஜாடி விவகாரம் இன்னும் தீரவில்லையே என்று சும்மா இருந்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

அமுதவள்ளி சிரித்துக்கொண்டே போன் செய்தாள். "அம்மா, அப்பா வெளம்பரத்த மாத்தச் சொல்லிட்டாரு. அவரே எழுதி அனுப்புனாரு. படிச்சியா?"

படித்தேன். அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்:

'மீட்டர்: 18,640. உண்மையில் ஓடியது: சுமார் 98,000. வாராவாரம் ஓடிய வண்டி, நல்ல கை. விலை பேசலாம். விவரங்களுக்கு ஓட்டுநர் திருமதி சந்திரகலா.'

கீழே என் போன் நம்பர். மூன்று தடவை படித்தேன். 'ஓட்டுநர்' என்ற இடத்தில் ஒவ்வொரு தடவையும் எழுத்து மங்கிவிட்டது.

ஜூலை 30, புதன்

ஒன்பது பேர் கூப்பிட்டார்கள். ஏழு பேர் மைலேஜைக் கேட்டதும் வைத்துவிட்டார்கள். மற்ற இருவரும் கதையைக் கேட்டு முடிக்கும்வரை வைக்கவில்லை. நான் பேசுவதை இவர் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்து கேட்கிறார். நேற்று நான் பிரசவக் கதையைச் சுருக்கிவிட்டேன் என்று, "அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னதயும் சொல்லு" என்று எடுத்துக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 2, சனி

முகுந்தன் கூப்பிட்டார். அறுபத்தைந்து தருகிறேன் ஆன்டி, இன்றைக்கே வரட்டுமா என்றார். நல்ல பிள்ளை. அவரிடம் போனால் வண்டி நன்றாக இருக்கும். மனசு கனத்தாலும் "வாங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். இவர் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"தம்பி, தப்பா நெனக்காதீங்க. வண்டி இங்க இல்ல. கடல் பக்கம் போயிருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பென்ஸ் எங்கள் கண்ணெதிரே போர்ச்சில் நின்றுகொண்டிருந்தது. "ஏங்க, இந்த வயசுல கூசாம பொய் சொல்றீங்களே" என்றேன்.

"என்னா பொய்? ஒரு மணி நேரம் முன்கூட்டியே சொன்னேன், அவ்ளோதான்" என்றார். முதுகைக் காட்டிக்கொண்டு துணி உறையின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். சுருட்டி ஓரமாக வைத்தார். அப்புறம் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய், இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.