பெர்னிஸ் அம்மா கேட்ட குலம்

அன்புள்ள ஷாரோன் அப்பாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நலம். முழங்காலுக்குத் தைலம் தடவுகிறீர்களா?

ஓய்வுக்குப் பிறகு அமெரிக்கா வந்து நான் கணக்குப் பாடம் நடத்தும் பள்ளிக்கு நேற்று பெர்னிஸ் அம்மா வந்தார். இங்குள்ள நவஹோ பழங்குடி மக்களின் ஆட்சி மன்ற உறுப்பினர். சிறுமியாக விடுதிப் பள்ளியில் தாய்மொழி பேசியதற்கு அடி வாங்கியவர். இன்று அதே மொழியைப் பாடமாக்கியிருக்கிறார். வீடுகளுக்குக் குடிநீர்க் குழாயும் அவர் போராடிக் கொண்டுவந்ததே.

என் கையைப் பிடித்து, “உன் அம்மா எந்தக் குலம்?” என்றார். நான் கையை இழுத்துக்கொண்டேன். நம் ஊரில் இதைக் கேட்ட பிறகு தம்ளர் மாறும், இல்லையா?

அவர் சிரித்தார். “என் அம்மா குலத்தின் பெயர் கசப்புத் தண்ணீர்; நான் கசப்புத் தண்ணீர்க்காரி. நீ சொன்னால்தானே அக்கா என்பதா, அத்தை என்பதா என்று தெரியும்?”

ஒரே கணக்குக்கு இரண்டு விடை வந்தது போல் குழம்புகிறேன். அடுத்த மாதம் மறுபடி வந்து கேட்பார். சாலவாக்கம் ஏரித் தண்ணீர்க்காரி என்று சொல்லட்டுமா? அந்த ஏரியில் அம்மாவைக் குடம் முக்க விட்டதில்லையே!

“இன்னாத்துக்கு எஸ்தரு பேஜாரு? ஊர் பேர மட்டும் சொல்லிட்டு வா” என்பீர்கள். ஆனால் இங்கே என்னை முறை சொல்லிக் கூப்பிட யாருமில்லை.

யோசித்து எழுதுங்கள். சுக்குத்தூளும் அனுப்புங்கள். மணி அடித்துவிட்டது.

எஸ்தர்