பாராடாங் குகைக்கு ரெண்டு பேர்

நவம்பர் 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். குடை ஆபீஸ்லயே. வேங்கிக்கால் வீட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள சட்டை முழுக்க ஈரம்.

ஜனவரியில அந்தமான். ஃப்ளைட் டிக்கெட் போட்டாச்சு, லீவும் சாங்ஷன். பாக்கி, சுத்திக் காட்ட ஆள் பிடிக்கறது. பூங்கொடி எழுதிக் குடுத்தது:

– செல்லுலார் ஜெயில்
– அடியில கண்ணாடி வெச்ச படகு
– பாராடாங் சுண்ணாம்புக் குகை. காட்டுக்கு நடுவுல படகுல போகணுமாம். "இது இல்லன்னா நான் வரல."

கல்யாணம் ஆகி மூணு மாசம். அவ என்கிட்ட கேட்ட முதல் விஷயம்.

முடிவு: எல்லாத்தையும் போன்ல நானே பேசி புக் பண்றது. மெசேஜ் கிடையாது. வேற ஆள் கிடையாது. பொண்ணு பாக்கப் போனப்ப அக்கா வீட்டுக்காரர்தான் எனக்கும் சேத்துப் பேசினார். "மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் கூச்சம்." கூச்சம் இல்ல, திக்குவாய். அவளுக்கு அதைக்கூட லெட்டர்லதான் எழுதிச் சொன்னேன்.

நவம்பர் 12, புதன்

மழை இல்ல. சாப்பாட்டு நேரம், ஆபீஸ் மாடிப்படி. முதல் டூர் ஏஜென்சி. "கு... கு..." அதுக்கு மேல வரல. "ஹலோ? டவர் இல்ல போல." கட். மறுபடி அடிச்சேன். மறுபடி கட்.

ரெண்டாவது, ஒரு பொண்ணு. பின்னாடி யார்கிட்டயோ, "எவனோ விளையாடறான்டி." நல்லாவே கேட்டுச்சு.

பக்கத்து சீட்டு சேகர் சார் பாத்துட்டார். "குடுப்பா, ரெண்டு நிமிஷத்துல பேசி முடிச்சிடறேன்." நல்ல மனுஷன். குடுக்கல. சாயங்காலம் வரைக்கும் காதெல்லாம் சூடு.

வீட்ல கத்திரிக்கா காரக்குழம்பு. உப்பு ஜாஸ்தி. சொல்லல. ஏஜென்சி என்னாச்சுன்னு அவளும் கேக்கல.

நவம்பர் 13, வியாழன்

காலைல கிரிவலப் பாதையில நடந்துகிட்டே பயிற்சி. சத்தமா. "குகைக்கு ரெண்டு பேர், ஜனவரி மாசம்." ஒரு சாமியார் திரும்பிப் பாத்துட்டு அவர் பாட்டுக்குப் போயிட்டார். அந்த ரோட்டுல தனியா பேசறவங்க புதுசு இல்ல. பத்து தடவை சொன்னேன், ஒரு தடவை கூட திக்கல. எதிர்ல ஆள் இருந்தாத்தான் மாட்டுது.

மூணாவது ஏஜென்சி: "வாட்ஸப்ல போடுங்க சார்." மாட்டேன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள வெச்சுட்டாங்க.

ரீசார்ஜ், வண்டி சர்வீஸ், தயிர். எதுவும் செய்யல.

நாளைக்கு லீவு விடணும், வாய்க்கு. ஆனா சனிக்கிழமை நிச்சயம்.

நவம்பர் 15, சனி

நல்ல வெயில். பூங்கொடிக்கு மெடிக்கல் ஷாப்புல இன்னிக்கு பாதி நாள்தான் வேலை, ரெண்டு மணிக்கு வந்துட்டா.

நாலாவது நம்பர். ஏஜென்சி இல்ல, தனி கைடு. அந்தோணி. தமிழ்க்காரர், பொறந்து வளந்ததே அந்தமான்லதானாம். இந்தத் தடவை எடுத்த எடுப்புல சொல்லிட்டேன்: "எ-எனக்குத் திக்கும். வெ-வெச்சிடாதீங்க."

"இன்னிக்கு படகு ஓடல சார். எனக்கும் வேலை இல்ல. நிதானமா பேசுங்க."

பதினெட்டு நிமிஷம். நடுவுல ஒரு வார்த்தை கூட எடுத்துக் குடுக்கல மனுஷன். காத்திருந்தார். காட்டுக்குள்ள போற பர்மிட்டுக்குப் பேர் கேட்டார். "பூ"வுலயே மாட்டிகிச்சு. சமையலறை வாசல்ல நின்னுட்டிருந்தவ வாயத் திறந்தா, உடனே மூடிகிட்டா. நாலாவது தடவை பேர் முழுசா வந்துச்சு. வயசு, தேதி, எங்க தங்கறோம், எல்லாம் நான்தான். ஜெயில் ஒரு நாள், கண்ணாடிப் படகு ஒரு நாள். குகைக்கு விடியறதுக்கு முன்னாடியே கிளம்பணுமாம். புக் ஆயிடுச்சு!

கடைசியா, "ரெண்டு பேருக்கும் நீச்சல் தெரியுமா சார்?"

"தெரியாது." பட்டுனு வந்துச்சு.

போனை வெச்சதும் பூங்கொடி: "யாருக்குத் தெரியாது? எங்க ஊரு அடி அண்ணாமலையில, கெணத்துல மேலேருந்து குதிச்சு வளந்தவ நான்."

"சொ-சொல்லவே இல்ல?"

"நீங்க கேக்கவே இல்லயே."

வாஸ்தவம். இந்த மூணு மாசத்துல நான் அவளைக் கேட்ட கேள்விங்களை விரல்ல எண்ணிடலாம்.

"விடுங்க. அங்க போய் சொல்லிக்கலாம்"னா.

விடல. திரும்பவும் அதே நம்பர். மூணாவது ரிங்குல எடுத்தார்.

"அ-அண்ணே, ஒரு தி-திருத்தம்."