மைமூனின் உடம்பில் தங்காத கொழுப்பு

நவம்பர் 14, வியாழன்

என் தங்கை மைமூனின் பரிசோதனை முடிவு இன்று வந்தது. கொழுப்புச் செல்களை உருவாக்கும் ஏற்பி என்ற புரதம் அவளுக்குப் பிறவியிலேயே பழுதாம். அதனால் கைகால்கள் குச்சியாகவே இருக்கின்றன. தோலுக்கடியில் இடமில்லாத கொழுப்பு ரத்தத்திலும் ஈரலிலும் போய்ச் சேருகிறது. இந்த வயதிலேயே சர்க்கரை வந்ததும் இதனால்தான்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது அவள் பைய கேட்டாள். "ராத்தா, நீ இதைத்தானே காலேஜ்ல சொல்லிக் குடுக்கெ? சரிபண்ண முடியாதா?"

"அதான் டாக்டர் மாத்திரை தந்திருக்காரே" என்றேன். அந்த மாத்திரை வேலை செய்வதே அந்த ஏற்பி வழியாகத்தான்; பழுதான ஏற்பி அதற்கு இணங்குமா என்று டாக்டருக்கே உறுதியில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

மதியம் உம்மா அவள் சோற்றில் நெய் ஊற்ற வந்தாள். கையைப் பிடித்துத் தடுத்தேன். நெய் அவள் ஈரலுக்குத்தான் போகும் என்று எவ்வளவோ சொன்னேன்.

"பிள்ள எலும்பா நிக்கா. அவளுக்கு நெய்ய வேண்டாங்கியே, நீயெல்லாம் ஒரு ராத்தாவாட்டி?" என்று உம்மா அழுதாள்.

மைமூன் என்னைப் பார்க்காமல் தட்டை நீட்டினாள். "அழாதிய உம்மா. ஊத்துங்க."

நான் உம்மாவின் கையை விட்டுவிட்டேன்.