தண்ணீர் எதற்கு ஓடுகிறது

ஜூன் 4

அன்புத் தம்பிக்கு,

மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாயா, சாப்பிடுகிறாயா என்று கேட்டால் உனக்குக் கோபம் வரும். கேட்டுவிட்டேன், கோபப்பட்டுக்கொள். போனைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டவனுக்குக் கடிதம்தான் எழுத முடியும். உன் புது அறையைப் பார்க்க இந்த வாரம் வரலாம் என்றிருந்தேன். அதற்குள் ஒரு வேலை வந்துவிட்டது.

என்ன வேலை தெரியுமா? போலீஸ் பயிற்சிப் பள்ளியில் மனசு சரியில்லாதவளாக நடிக்கும் வேலை. சிரிக்காதே. நாடகமெல்லாம் படுத்துவிட்டது, இவர்கள்தான் கூப்பிட்டார்கள். மனநிலை குலைந்தவர்களிடமும் போதையில் தடுமாறுகிறவர்களிடமும் எப்படிப் பேசுவது என்று போலீஸ்காரர்களுக்கு ஒரு டாக்டரம்மா வகுப்பு எடுக்கிறார். நான் ஓர் அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். அவர்கள் ஒவ்வொருவராக வெளியே நின்று பேசுவார்கள். "பேசுறது உங்க மனசுல பட்டா திறங்க, இல்லேன்னா விடுங்க" என்கிறார் டாக்டரம்மா.

எனக்கு எதுவுமே படவில்லை. அழத் தெரிகிறது, கத்தத் தெரிகிறது, திறக்க மட்டும் தெரியவில்லை. அதனால் உன்னைக் கேட்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் நீ குளியலறையில் பூட்டிக்கொண்டாயே, போலீஸ்காரர்கள் வந்து கதவை உடைப்பதற்குள் யார் என்ன சொல்லியிருந்தால் திறந்திருப்பாய்?

உன் அக்கா

ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

மாத்திரை போடுகிறேன். சாப்பிடுகிறேன். கோபமும் பட்டாயிற்று. பேக்கரியில் இப்போது ரொட்டியை உறையில் போட்டுக் கட்டும் வேலை. அன்றைக்கு உடைந்த கையில் சுண்டுவிரல் இன்னும் மடங்காது. முடிச்சுப் போட அது தேவையும் இல்லை.

சம்பளம் உனக்கு, பாடம் மட்டும் நான் சொல்ல வேண்டுமா? சரி, எழுதுகிறேன். அன்றைக்கு உள்ளே குழாயைத் திறந்துவிட்டிருந்தேன். தலைக்குள் பேசுகிறவர்களின் பேச்சு கேட்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக. வெளியே எல்லோரும் கதவைப் பற்றியே பேசினார்கள். "திறடா", "திறக்கலேன்னா உடைப்போம்". தண்ணீர் எதற்கு ஓடுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திறந்திருப்பேன். திறக்காமலும் இருந்திருக்கலாம். உள்ளே இருந்த அந்த ஆளை இப்போது போய் விசாரிக்க எனக்கும் வழி தெரியவில்லை.

அறை மாடியில். இரும்புப் படி, மேலே பச்சைக் கதவு. எப்போது வருகிறாய்?

உன் தம்பி

ஜூன் 20

அன்புத் தம்பிக்கு,

நீ சொன்னதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். யார் சொன்னது என்று மட்டும் சொல்லவில்லை. அவருக்கு ஒரே சந்தோஷம். அறையில் குழாய் கிடையாது, அதனால் ஒரு கான்ஸ்டபிளை என்னோடு உள்ளே உட்கார வைத்து, வாளியில் குவளையால் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். பாவம், பிழைப்பைப் பார்.

வந்தவர்களில் ஒரு சார்ஜென்ட். உன் ஊர்ப் பக்கம்தான் வேலையாம். நடந்தால் அவர் ஷூ கிறீச் கிறீச் என்று கத்துகிறது. "அந்தச் சத்தத்தை நிறுத்துங்க" என்று உள்ளேயிருந்து கத்தினேன். மனிதர் ஷூவைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம், "தண்ணி ஓடுதே, எதுக்குன்னு சொல்றீங்களா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. திறந்துவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒன்றும் புரியவில்லை. அழுதது நானா நீயா? நன்றாக நடித்தேனா, இல்லை நடிக்கவே இல்லையா? இந்த ஞாயிறும் வகுப்பு வைத்துவிட்டார்கள். அடுத்த வாரம் எப்படியும் வரப் பார்க்கிறேன்.

உன் அக்கா

ஜூன் 27

அக்காவுக்கு,

கைதட்டினார்களா?

நான் அன்றைக்கு அழவில்லை. உள்ளே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். அது உனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. அழுதது நான் இல்லை என்றால் அங்கே யார் அழுதது? நீ நானாக இருந்தால் நான் யாராக இருப்பது? இதையெல்லாம் ரொட்டி கட்டிக்கொண்டே யோசித்து, ஓர் உறையில் இரண்டு ரொட்டி போட்டுத் திட்டு வாங்கினேன்.

மாத்திரை போட்டால் தூக்கமாக வருகிறது. வேலையில் தூங்கி வழிவதை முதலாளி பார்க்கிறார்.

தம்பி

ஜூலை 25

அன்புத் தம்பிக்கு,

மூன்று கடிதம் போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. நான் செய்தது தப்பென்றால் தப்பு என்றாவது எழுது.

போன வாரம் உன்னைப் பார்க்கப் பேருந்து நிலையம் வரை வந்தேன். டிக்கெட்கூட எடுத்துவிட்டேன். ஏறாமல் திரும்பிவிட்டேன். நான் வந்து தட்டி, நீ திறக்காவிட்டால் என்ன செய்வேன் என்று பயம். ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவளுக்கு இது தெரியவில்லை.

மாத்திரையை விட்டுவிடாதே.

உன் அக்கா

ஆகஸ்ட் 9

அக்காவுக்கு,

நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து அறைக்கு வந்தேன். உன் கடிதங்கள் எல்லாம் கதவுக்கடியில் கிடந்தன.

மாத்திரையை விட்டேன். தூக்கம் போனது, பிறகு பழைய ஆட்கள் தலைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். தாழ்ப்பாள் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர் கீழே ஒழுகியதும் வீட்டுக்கார அம்மா போலீஸுக்குச் சொல்லிவிட்டார்.

இரும்புப் படியில் கிறீச் கிறீச் என்று கேட்டது. அக்கா, நான் நம்பவே இல்லை. உன் கடிதத்தில் படித்த ஷூ தலைக்குள் நடக்கிறது என்று நினைத்தேன். அப்புறம் சத்தம் நின்றது. யாரோ உட்காரும் ஓசை.

"தண்ணி ஓடுதே, எதுக்குன்னு சொல்றீங்களா?"

நான் உனக்கு எழுதியது, என் கதவுக்கே வந்து நிற்கிறது. எது வெளியே, எது உள்ளே என்று எனக்கு இன்னும் குழப்பம்தான். "அக்கா அனுப்பினாளா?" என்று கேட்டேன். "எந்த அக்காங்க?" என்றார் அவர். அவரும் குழம்பிப்போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. திறந்துவிட்டேன்.

அந்தக் கேள்விக்காகத் திறக்கவில்லை. அவருக்குப் பின்னால் நீ நிற்கிறாய் என்று நினைத்துத் திறந்தேன். காலுறையோடு அவர் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஷூ. படியெல்லாம் எட்டிப் பார்த்தேன். நீ இல்லை.

நல்ல மனிதர். கையைப் பிடிக்கக்கூட இல்லை, கூடவே நடந்து வந்தார். இந்தத் தடவை எதுவும் உடையவில்லை. அது உன்னால்தான், உன் டாக்டரம்மாவிடம் சொல். நான் யார் என்றும் சொல்லிக்கொள்.

ஆனால் அக்கா, என் கதவை எப்படித் தட்டுவது என்று போலீஸ்காரர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டாய். நீ ஒரு தடவைகூட வந்து தட்டியதில்லை.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. திறப்பேனா என்று இப்போதே சொல்ல எனக்குத் தெரியவில்லை. திறக்காவிட்டால் படியில் உட்கார்.

உன் தம்பி