லீஸா, சொந்தமா என்று கேட்ட சிவத்துக்கு

கோட்டையூர்,
வெள்ளிக்கிழமை காலை.

அன்பு மகன் சிவத்துக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே ஜெர்மனியில் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பு நோகாமல் இருக்க வேண்டும் என்று கொப்புடையம்மனை வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். இங்கே நான் நலம் என்று அடுத்த வரி எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், கை ஓடவில்லை, அதை விட்டுவிட்டு மற்றதை எழுதுகிறேன். போனில் பேசலாமே என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் நீ மழை பெய்ததா, மோட்டார் ஓடுகிறதா என்று பேச்சை மாற்றிவிடுகிறாய். கடிதத்தில் அது முடியாது, கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும்.

போன வாரம் நீ ஒரு சந்தேகம் கேட்டாய். ரொம்ப வேகமாகப் போகிற ஒரு காரைச் சொந்தமாக வாங்கலாமா, லீஸுக்கு எடுக்கலாமா என்று. அப்பா இருந்தால் அவரிடம் கேட்டிருப்பாய், இல்லாததால் என்னிடம் கேட்கிறாய் என்று எனக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. மறுநாளே நம் தெருக்கோடியில் டூரிஸ்ட் கார் ஓட்டும் வீரபாண்டியனிடம் போய் விசாரித்தேன். அவன் சொன்னான், “லீஸுன்னா வண்டி உங்களுது இல்லத்தா, தவணை முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துறணும், இவ்வளவு தூரந்தான் ஓட்டணும்னு கணக்கு வச்சிருப்பாக, ஒரு கீறல் விழுந்தாலும் காசு கேப்பாக. ஆனா அந்த மாதிரி வண்டியச் சொந்தமா வாங்குனீகன்னா ஷோரூமை விட்டு இறக்குன அன்னைக்கே வெலை எறங்கிரும், டயரு, பிரேக்கு, இன்சூரன்ஸுன்னு அதுபாட்டுக்குத் தின்னுக்கிட்டே இருக்கும். தம்பிய லீஸுக்கே எடுக்கச் சொல்லுங்க, அதான் கெட்டிக்காரத்தனம்.” நானும் அதையே உனக்குச் சொன்னேன். அப்போது நீ சொன்னாய், எனக்கும் லீஸுதாம்மா சரி, மூணு வருஷம் கழிச்சு நான் எங்க இருப்பேனோ, கடைசிவரைக்கும் வச்சுப் பாக்குற மாதிரி எனக்கு எதுவும் வேண்டாம் என்று. வேலை மாறுவதைச் சொல்கிறாய் என்று நினைத்துக்கொண்டு நானும் போனை வைத்துவிட்டேன்.

இந்த வாரம் சிவகங்கைக்குப் போயிருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் தடுத்திருப்பாய். சத்தியப்பிரியா உன்னை விட்டுவிட்டு அவள் அம்மா வீட்டுக்கு வந்து இத்தனை மாதமாகிறது, நீயும் காரணம் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டை, நான் போய் இரண்டு வார்த்தை பேசினால் சரியாகிவிடும் என்று பூவும் பழமும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள் சிவம். என் மகன் கை நீட்டினானா என்று கேட்டேன். “ஐயோ, அவுகளா, அப்படியெல்லாம் இல்ல அத்தை” என்றாள். அப்புறம்தான் சொன்னாள். “வாரக் கடைசி ஆனா வேகமான வண்டியாப் பாத்து வாடகைக்கு எடுத்துக்கிட்டு, எவ்வளவு வேகமும் போகலாங்கிற அந்த ரோட்டுக்குப் போயிருவாக. ஒரு நாளு நானும் கூடப் போனேன். போற வேகத்துல கண்ணை மூடிக்கிட்டாக அத்தை. நான் கத்தவும்தான் தெறந்தாக. ஏன் இப்படின்னு கேட்டா, சும்மாதான், என்ன ஆகுதுன்னு பாத்தேன்னு சொல்லிச் சிரிக்கிறாக. அந்தச் சிரிப்பத்தான் என்னால தாங்க முடியலை. டாக்டர்கிட்டப் போவோம்னு கால்ல விழாத குறையாக் கெஞ்சினேன், கேக்கலை. நான் கெளம்பி வந்துட்டா மனசு மாறுவாகன்னு நெனச்சேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இத்தனை நாளும் வாயைப் பொத்திக்கிட்டு இருந்துட்டேன்.”

வரும்போது பஸ்ஸில் எனக்கு ஒன்றுமே கண்ணுக்குத் தெரியவில்லை. கோட்டையூரில் இறங்காமல் நான்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன், கண்டக்டர்தான் எழுப்பி இறக்கிவிட்டார். நீ போனில் சொன்னதுக்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. மூணு வருஷம் கழித்து எங்கே இருப்பேனோ என்று நீ வேலையைச் சொல்லவில்லை.

அப்பா போனதிலிருந்துதான் நீ இப்படி ஆனாய் என்று எனக்குத் தெரியும். பனியில் விமானம் கிளம்பாதது உன் குற்றமா? நீ வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது, அதற்கு நீ என்ன செய்வாய்? பெத்த மகன் இருக்க நான் கொள்ளி வைக்கும்படி ஆச்சே என்று உன் சித்தப்பா முத்துக்கருப்பன் உன் முகத்துக்கு நேரே சொன்னது அண்ணனைப் பறிகொடுத்த துக்கத்தில் வந்த பேச்சு. அதை நீ இவ்வளவு தூரம் சுமந்துகொண்டு போவாய் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே அவர் வாயை அடைத்திருப்பேன். நேற்று அவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மனிதர் தலையில் அடித்துக்கொண்டு, “மதினி, அவன் கால்ல வேணாலும் விழுறேன், நம்ம பிள்ளைய மட்டும் விட்றாதீக” என்று அழுகிறார். உன் அப்பா கடைசியாகப் பேசியதும் உன்னைப் பற்றித்தான், சிவம் அவசரப்பட்டு ஓடிவரப் போறான், பதறாம வரச் சொல்லு என்றார். உன்மேல் கோபம் உள்ளவர் பேசுகிற பேச்சா அது?

சாமி, வண்டியே வேண்டாம் என்று உன் அம்மா கையெடுத்துக் கும்பிடுகிறேன். கேட்க மாட்டாய், எடுத்தே தீருவேன் என்றால் லீஸுக்கு எடுக்காதே, சொந்தமாக வாங்கு. வீரபாண்டியன் சொன்ன கணக்கு எனக்கும் தெரியும், நஷ்டம்தான். ஆகட்டும். டயர் தேய்ந்தால் மாற்ற வேண்டும், வருஷா வருஷம் இன்சூரன்ஸ் கட்ட வேண்டும், பழசானால் பழுது பார்க்க வேண்டும், இதையெல்லாம் செய்ய நீ இருக்க வேண்டும் இல்லையா? திருப்பிக் கொடுக்கிற பொருளாக ஒன்றும் உன்னிடம் இருக்கக் கூடாது. பைத்தியக்காரி மாதிரி எழுதுகிறேன் என்று தெரிகிறது, வேறு எப்படி உன்னைப் பிடித்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லையப்பா.

அங்கே உனக்குப் பக்கத்து ஊரில் இருக்கிற உன் சிநேகிதன் தேவாவிடம் பேசிவிட்டேன். இந்தக் கடிதம் வருவதற்கு முன்பே அவன் வந்து உன்னோடு தங்குவான். அவன்மேல் கோபப்படாதே, கதவைத் திற, அவன் கூட்டிப்போகிற டாக்டரிடம் மறுக்காமல் போ, மனதில் உள்ளதை அவரிடமாவது சொல். நீ டாக்டரைப் பார்த்துவிட்டுப் பேசினால் தானும் பேசுவதாகச் சத்தியப்பிரியா சொல்லியிருக்கிறாள். வெறுத்துப் போனவள் இல்லை அவள், பயந்துபோனவள்.

எனக்குப் பாஸ்போர்ட் இருக்கிறது, அப்பாவும் நானும் உன்னைப் பார்க்க வருவதற்காக எடுத்தது. விசாவுக்கு நீ அழைப்புக் கடிதம் அனுப்ப வேண்டுமாம், அதை முதல் வேலையாக அனுப்பு. எத்தனை நாள் தங்குவேன் என்று கேட்டிருக்கும், அவர்கள் எவ்வளவு விடுவார்களோ அவ்வளவும் போடு. நான் வந்து இறங்கும்வரை எந்த வண்டிக்கும் கையெழுத்துப் போடாதே. பட்டினி கிடக்காதே. அப்பாவின் ஆசியும் அம்மனின் துணையும் உனக்குக் குறைவில்லாமல் இருக்கட்டும், நீ நெடுங்காலம் இருக்க வேண்டும், எனக்குப் பின்னாலும் இருக்க வேண்டும்.

ஏர்போர்ட்டுக்கு நீதான் வர வேண்டும், தேவாவை அனுப்பிவிடாதே. எந்த வண்டியில் வந்தாலும் சரி, பஸ்ஸில் கூட்டிப் போனாலும் சரி. எனக்கு அந்த ஊர் பாஷை ஒரு வார்த்தை தெரியாது. நீ வராவிட்டால் பெட்டியை வைத்துக்கொண்டு இறங்கின இடத்திலேயே நின்றுகொண்டிருப்பேன்.

உன்னைப் பெற்ற
நாகவல்லி