பூதிநங்கையாரின் வெயில்நீருக்கு வேள் குன்றாதன் விடுத்த ஓலை

நாடு நலம் பெறுக. முகடு கண்ணுக்குத் தெரிக.

ஏழு குன்றுகளுக்கும் இரண்டு ஆறுகளுக்கும் உரியவரும், மூன்று பஞ்சங்களைக் கடந்து இந்நாட்டைக் கரைசேர்த்த குடியில் வந்தவரும், குளிர் பொறாதவர் என்று ஊரெல்லாம் அறிந்தவருமாகிய வேள் குன்றாதன், முகட்டூர் மேலைத்தெருவில் கருங்குட விடுதியை நடத்தும் பூதிநங்கையாருக்கு எழுதுவித்த ஓலை. உம் கூரைக்கும், கூரைமேல் வெயில் காயும் நாற்பது குடங்களுக்கும், அவற்றுக்கு நீர் சுமக்கும் உம் பெண்டிருக்கும் நலம் உண்டாகுக.

கடைசிப் பஞ்சத்தின் பின் எம் மலையாகிய வெள்ளிமுகட்டைக் காண வந்த அயல்நாட்டாரால்தான் இந்நாட்டு வீடுகளில் மீண்டும் உலை கொதித்தது. அவர்கள் வரவால் கால்வாய் வெட்டினோம், மருத்துவச்சாலை எழுப்பினோம். அந்நன்றியை யாம் மறவோம். அம்மகிழ்ச்சியில் தலைகால் புரியாமல், விருந்தினர் ஒவ்வொருவருக்கும் விடியுமுன் அண்டா நிறைய வெந்நீர் தரவேண்டும் என்று ஆணையிட்டவரும் யாமே. நூற்றிருபது விடுதிகளும் அதைத் தலைமேற்கொண்டன. விறகுக்கு வெட்டி வெட்டிக் கீழைச்சரிவின் காடு மொட்டையாயிற்று. ஊர்க்குழந்தைகள் இருமுவது மலைக்காற்றின் குறை என்று மருத்துவர் கூற, யாமும் தலையாட்டினோம்.

நீவிர் ஒருவரே வைகறை அடுப்பை மூட்ட மறுத்தீர். கருங்குடங்களில் நீர் நிரப்பிக் கூரைமேல் வெயிலில் வைத்து, பிற்பகலில் நீராடுமாறு விருந்தினரைக் கேட்டுக்கொண்டீர். அரசாணையை மீறினீர் என்று விடுதிக் கண்காணிப்பாளர் முறையிட்டார். அமாவாசைக்குள் விடுதியைப் பூட்டி ஊரைவிட்டு நீங்கவேண்டும் என்ற தண்டனை ஓலையில், முழுதும் படியாமலே முத்திரை இட்டோம். பிழை எமது.

இவ்வேளையில் நெய்தல் நாட்டரசி அலர்மேனியார் எம் விருந்தினராக வந்தார். முகட்டின் அழகை வழிநெடுகப் புகழ்ந்து, விடியலில் அவரைக் காட்சிப்பாறைக்கு அழைத்துச் சென்றோம். ஊரின் வெந்நீர்ப்புகை வானை அடைத்து நின்றது. மலை எப்பக்கம் உள்ளது என்று அவர் வினவ, கையை எத்திசையில் நீட்டுவது என்று அறியாமல் நின்றோம். இதைவிடப் பெரிய வெட்கம் எமக்கு நேர்ந்ததில்லை. பின்னர் அவர் பாறையடியிலுள்ள தெருவை நோக்கி, புகை எழாத கூரை ஒன்று உளதே, அது யாருடையது என்று கேட்டார். அமைச்சர் உம் பெயரைச் சொல்லி எம் முகத்தைப் பார்த்தார்.

அன்று பிற்பகல் அரசியாரையும் அழைத்துக்கொண்டு உம் விடுதிக்கு வந்து நீராடினோம். நீரின் இதம் கண்டு, எந்த மரத்து விறகு என்று கேட்டோம். விறகே இல்லை என்றீர். ஊர் நீங்கும் ஓலையைப் பெற்ற பின்னும், இருக்கும் நாள்வரை வந்தவருக்கு நீர் குறையக்கூடாது என்றீர். மடக்க எண்ணி, மழைநாளில் என்செய்வீர் என்றோம். தெருவுக்கு ஒரே பொது அடுப்பு போதும் என்றும், ஒருநாள் முகமும் காலும் மட்டும் கழுவினால் யாரும் செத்துப்போக மாட்டார் என்றும் விடை தந்தீர். எமக்குச் சினம் வந்தது மெய். அப்போதே தண்டனையை நீக்கியிருக்க வேண்டும். அயல்நாட்டரசி எதிரே பிழையை ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. மூன்று நாள் கழித்து இப்போது ஒப்புகிறோம்.

மலையை எமக்குத் திருப்பித் தரும் வழியைக் காட்டினீர். அதனினும் மேலாக, ஊரைவிட்டு உம்மைத் துரத்தியவன் என்று அறிந்தும் எமக்கு இதமான நீர் வார்த்தீர். அதை எண்ணுந்தோறும் நெஞ்சு நெகிழ்கிறது. உமக்கு நெஞ்சார நன்றி கூறுகிறோம்.

ஆகவே ஆணையிடுவதாவது: உம்மேல் விதித்த தண்டனை இன்றோடு அழிந்தது, வைகறை வெந்நீர் ஆணையும் அழிந்தது. வருவோர் வழக்கம்போல் வருக. விடியலில் மலையைக் காண்க, பிற்பகலில் நீராடுக. மழைநாளுக்குத் தெருவுக்கோர் அடுப்பு அமைக. மற்ற விடுதியார் உம்மிடம் கற்க வருவர். நேற்றுவரை உம்மை ஏசியவர்களும் அவர்களுள் இருப்பர், பொறுத்தருள்க. கீழைச்சரிவில் மீண்டும் மரம் வளரும்வரை அங்கே கோடரி செல்லாது.

முதலில் அவிந்தது அரண்மனை அடுப்பு. இன்று காலை காய்ச்சாத குளிர்ந்த நீரில் குளித்து, நடுங்கும் கையால் இட்டதால் முத்திரை கோணியிருக்கும். பொய்யோலை என்று ஐயுற வேண்டா.

நாளை அமாவாசை. நீவிர் குடங்களை வண்டியில் ஏற்றியிருப்பீர். இவ்வோலை கொணரும் படைத்தலைவர் நாற்பது குடங்களையும் தம் கையாலேயே இறக்கி, கூரைமேல் வைத்து, நீர் நிரப்பிய பின்னரே திரும்பி வருக. இது வேள் குன்றாதன் ஆணை.